வாங்கில் இடம்: சமயப் பாடசாலைகளும் அரச நிதியும்



ஈழத்துக் கல்வி வரலாற்றை ஆராயும் இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை தாங்க அழைத்த ஏற்பாட்டுக் குழுவினருக்கு நன்றி கூறி, நேரே பொருளுக்கு வருகிறேன்.

இந்தப் பொருளைப் பேச யாழ்ப்பாணத்தைவிடப் பொருத்தமான ஊர் இந்தத் தீவில் இல்லை. வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் 1848இல் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலை, வெஸ்லியன் மிஷன் வளர்த்த யாழ் மத்திய கல்லூரி, அமல மரித் தியாகிகளின் கைப்பட்டு வளர்ந்த புனித பத்திரிசியார் கல்லூரி, சுண்டுக்குளியில் அங்கிலிக்கன் மிஷனின் பரி. யோவான் கல்லூரி, சைவப் பெரியோர் 1890இல் எழுப்பிய இந்துக் கல்லூரி எல்லாம் ஒரு காலை நேரத்தில் நடந்தே பார்த்துவிடக்கூடிய தூரத்தில் நிற்கின்றன. ஒன்றுக்கொன்று போட்டியாக எழுந்தவை இவை. ஒன்றின் மீது மற்றொன்றுக்கு இருந்த கோபமே பல கட்டடங்களுக்கு அத்திவாரம். ஆனால் ஏறத்தாழ எல்லாமே ஏதோ ஒரு காலத்தில் ஒரே கஜானாவில் பணம் வாங்கியவை. அந்தக் கஜானாவை நிரப்பியவர்களில் சைவரும் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் பௌத்தரும் இருந்தார்கள்.

இது குறித்து எழுதப்பட்டவற்றில் பெரும்பாலானவை இரண்டு கேள்விகளைச் சுற்றியே வருகின்றன. பாடசாலை யாருக்குச் சொந்தம்? பணத்தை யார் தருவது? 1870 முதல் 1960 வரை நடந்த வாதங்கள் அனைத்தையும் இந்த இரண்டுக்குள் அடக்கிவிடலாம். நான் மூன்றாவது கேள்வியை முன்னே வைக்க விரும்புகிறேன். அந்தப் பாடசாலையின் சமயத்தைச் சேராத பிள்ளை, அல்லது அதே சமயத்தில் பிறந்தும் ஊரில் வலுவற்ற வீட்டிலிருந்து வந்த பிள்ளை, அங்கே எப்படி நடத்தப்பட்டது? ஒரு சமயப் பாடசாலை தன் சமயத்துப் பிள்ளையை அன்போடு வளர்க்கும். அதற்காகவே அது பிறந்தது. அதற்குப் பொதுப்பணம் தரவேண்டிய நியாயத்தை மற்றப் பிள்ளையிடம்தான் தேடவேண்டும் என்பது என் கருத்து. இன்றைய அமர்வுகளை இந்தக் கண்ணோடு கேட்கும்படி வேண்டுகிறேன்.

ஒல்லாந்தர் காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமிருக்கவில்லை. கோவிற்பற்றுப் பாடசாலையும் தேவாலயமும் ஒன்றாக நின்றன. பாடசாலைத் தோம்பில்தான் ஞானஸ்நானமும் திருமணமும் பதியப்பட்டன. பிள்ளையை அனுப்பாத தகப்பனுக்குத் தண்டம் இருந்தது. பதிவேடும் சொத்துரிமையும் பின்னிக் கிடந்த அந்த ஏற்பாட்டில், வீட்டில் விபூதியும் பாடசாலையில் வேதவாசகமுமாக எத்தனை தலைமுறை வளர்ந்தது என்பதை நம் பெரியோர் வாய்வழியாகச் சொல்லிவந்திருக்கிறார்கள். ஆங்கிலேயர் அந்தக் கட்டாயத்தை விட்டார்கள். மிஷன்களுக்கு வாசலைத் திறந்தார்கள். 1814இல் வெஸ்லியன்கள், 1816இல் அமெரிக்க மிஷன், 1818இல் சர்ச் மிஷன் சங்கம். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி, 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை. பெண்பிள்ளைக்கு எழுத்தறிவித்தால் குடும்பம் கெடும் என்று ஊர் நம்பிய காலத்தில் உடுவில் எழுந்தது. அதன் நோக்கம் மதமாற்றம் என்பதை மறைக்கத் தேவையில்லை, மிஷனரிமாரும் மறைக்கவில்லை. ஆனாலும் அந்தப் பாடசாலை இல்லாத யாழ்ப்பாணத்தை என்னால் எண்ணிப் பார்க்க முடியவில்லை.

அரசாங்கம் இதற்குள் மெல்ல மெல்லவே வந்தது. 1834இல் அமைந்த பாடசாலை ஆணைக்குழுவில் அங்கிலிக்கன் குருமாரின் கை ஓங்கியிருந்தது. 1841இல் மத்திய பாடசாலை ஆணைக்குழு அதன் இடத்துக்கு வந்தது. ஆணைக்குழுவின் பாடசாலைகளில் சமயபோதனை நாளின் முதல் மணித்தியாலத்தில் நடந்தது. விரும்பாத பெற்றோர் தம் பிள்ளையை அந்த நேரத்துக்கு அனுப்பாமல் விடலாம். சட்டத்தில் இது நியாயமாகவே தெரியும். மணி அடித்துப் பாடம் நடக்கும்போது வெளியே நிற்கும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அதன் வேறுபாட்டை முழு வகுப்பும் தினமும் பார்க்கிறது. சமயபோதனையிலிருந்து பிள்ளையை விலக்கிக்கொள்ள இடம் தரும் பிற்காலத்து மனச்சாட்சி வாசகம் எல்லாவற்றிலும் இந்தக் குறை தொடர்கிறது. உரிமை தகப்பனிடம் தரப்பட்டது, அதன் சுமை பிள்ளையின் தலையில் விழுந்தது.

கல்வி பற்றி 1867ஆம் ஆண்டு வந்த மோர்கன் குழுவின் அறிக்கை, 1869இல் பொதுப்போதனைத் திணைக்களம், 1870இல் நன்கொடை முறை. இந்த நன்கொடை எப்படி இயங்கியது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்னால் வந்த சண்டைகளின் வேர் அதில்தான் இருக்கிறது. அரசு பாடசாலையை நடத்தாது. முகாமையாளர் நடத்துவார். பரிசோதகர் வந்து வாசிப்பு, எழுத்து, எண்கணிதம் ஆகியவற்றில் பிள்ளைகளைச் சோதிப்பார். தேறியவர்களின் கணக்குப்படி பணம் வரும். சமயபோதனையைப் பரிசோதகர் தொடமாட்டார், அதற்குப் பணமும் இல்லை, தடையும் இல்லை. எந்தச் சமயத்தார் பாடசாலை வைத்தாலும் விதி ஒன்றே. காகிதத்தில் இதைவிட நடுநிலையான ஏற்பாடு அந்த நூற்றாண்டில் அரிது.

நடைமுறை வேறு. ஏற்கெனவே கட்டடமும், பயிற்சி பெற்ற ஆசிரியரும், வெளிநாட்டுச் சந்தாவும் வைத்திருந்தவர்கள் மிஷன்கள். பந்தயம் தொடங்கியபோது அவர்கள் பாதித் தூரத்தில் நின்றார்கள். எண்கணிதத்துக்கு அரசு பணம் தந்ததும் மிஷனின் சொந்தப் பணம் சமய வேலைக்கு மிஞ்சியது. அதன் பின் தூர விதிகள் வந்தன. ஏற்கெனவே உதவி பெறும் ஆங்கிலப் பாடசாலைக்கு மூன்று மைலுக்குள் புதிதாக ஒன்று எழுந்தால் அதற்கு உதவி கிடைப்பது அரிதாயிற்று. 1890களில் கால் மைல் விதி பௌத்தரைக் கொதிக்கச் செய்தது. வீண்செலவைத் தடுப்பதே அரசு சொன்ன காரணம், அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் ஒவ்வொரு ஊரிலும் முதலில் வந்தவருக்கே அந்த ஊர் என்று முத்திரை குத்துவதாக அது முடிந்தது.

நாவலரின் அனுபவத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. பேர்சிவல் பாதிரியாரிடம் படித்து, அவரிடமே ஆசிரியராயிருந்து, வேதாகம மொழிபெயர்ப்பில் அவருக்குத் துணை நின்றவர் அவர். மிஷன் பாடசாலை எப்படி நடக்கிறது என்பதை உள்ளிருந்து கற்றவர். வகுப்புப் பிரிப்பு, அச்சிட்ட பாடநூல், கால அட்டவணை என்று அங்கே கண்ட ஒவ்வொன்றையும் சைவத்துக்குக் கொண்டுவந்தார். பாலபாடங்களும் சைவ வினாவிடையும் அந்த உழைப்பின் பலன்கள். வண்ணார்பண்ணைப் பாடசாலை அரச உதவியின்றி இருபது ஆண்டுகளுக்கு மேல் பிடியரிசியிலும் நன்கொடையிலும் அவருடைய மன உறுதியிலும் நடந்தது. 1870இல்தான் அதற்கு அரச நன்கொடை வந்தது. 1872இல் அவர் தொடங்கிய ஆங்கிலப் பாடசாலைக்கு அந்த உதவியும் வாய்க்கவில்லை, அருகே மிஷன் பாடசாலை இருந்தது. சில ஆண்டுகளில் அதை மூடவேண்டியதாயிற்று. சைவர் செலுத்திய வரியில் சைவப் பிள்ளைக்குச் சைவச் சூழலில் ஆங்கிலம் கற்பிக்க முடியாமற் போனது. நாவலரின் சினத்தை வெறும் சமயப் பிடிவாதமாகக் காண்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

அந்தச் சினம் வீண்போகவில்லை. 1888இல் சைவபரிபாலன சபை, பின் இந்துக் கல்லூரி, 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் பெண்களுக்குக் கட்டிய கல்லூரி, 1921இல் பரமேஸ்வராக் கல்லூரி. அந்தப் பரமேஸ்வரா வளவில்தான் 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியது. 1923இல் எழுந்த சைவ வித்தியாவிருத்திச் சங்கம், இந்துபோர்ட் இராசரத்தினத்தின் அயராத உழைப்பால், நூற்றுக்கும் மேற்பட்ட பாடசாலைகளை வடபகுதிக் கிராமங்களில் நிறுவியது. மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்தர் இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளை வளர்த்தார். கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் 1929இல் திறந்தது. தெற்கே 1880இல் வந்திறங்கிய பிரம்மஞான சங்கத் தலைவர் ஒல்கொட்டின் தூண்டுதலால் பௌத்த பாடசாலைகள் பெருகின. கொழும்பில் சித்திலெவ்வையும், எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்த அறபி பாஷாவும், வாப்பிச்சி மரைக்காரும் சேர்ந்து 1892இல் விதைத்தது ஸாஹிராக் கல்லூரியாயிற்று. முஸ்லிம் நேசன் என்ற பத்திரிகையை நடத்திய சித்திலெவ்வை, தம் சமூகத்துக்கு மார்க்கக் கல்வியும் நவீன கல்வியும் ஒரே கூரையின் கீழ் வேண்டும் என்று பேசியவர். நாவலர், ஒல்கொட், சித்திலெவ்வை மூவரும் ஒரே கருவியை எடுத்தார்கள். மிஷன்காரர் காட்டிய வழியிலேயே மிஷனுக்கு விடை சொன்னார்கள்.

இந்த வரலாற்றை நம் மேடைகளில் வெற்றிக் கதையாகவே சொல்லிவருகிறோம். நானும் அதில் பெருமை கொள்பவன். ஆனால் அந்த வெற்றியின் உள்ளே நிலத்தில் அமர்ந்திருந்த ஒரு பிள்ளை உண்டு.

1920களில் யாழ்ப்பாணத்தின் பல உதவி பெறும் பாடசாலைகளில், ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்த பிள்ளைகள் வாங்கில் இருக்கவில்லை. அவர்களுக்கு நிலம், அல்லது தாழ்ந்த பலகை. சில இடங்களில் பாடசாலைப் படலையே அவர்களுக்குத் திறக்கவில்லை. இதில் சைவப் பாடசாலை ஒன்று, மிஷன் பாடசாலை ஒன்று என்று பிரித்துப் பழிபோட முடியாது. மிஷனரிமார் சாதியைக் கண்டித்தார்கள். ஆனால் தொடக்க நாள்களில் உயர்சாதிப் பிள்ளைகள் மிஷன் வளவுக்குள் சமைத்ததை உண்ண மறுத்தபோது வேறிடத்தில் சமையலுக்கு இடங்கொடுத்துத்தான் பிள்ளைகளைப் பிடித்துவைத்தார்கள். சைவப் பாடசாலைகளோ தம் ஆதரவாளரின் மனம் கோணாமல் நடக்கவேண்டியிருந்தது. ஆதரவாளர் என்றால் காணி உள்ளவர். அந்தக் காணியில் உழைத்தவரின் பிள்ளைக்கு வாங்கு தந்தால் அடுத்த போகத்தில் நன்கொடை வராது.

1920களின் இறுதியில் அரசின் கல்வித் திணைக்களமான வித்தியா பகுதி ஒரு பணிப்பை விடுத்தது. அரச உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் தரவேண்டும். பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. மனுக்கள் பறந்தன. பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து நிறுத்தினார்கள். சில பாடசாலைகளுக்குத் தீயும் வைத்தார்கள். பாடசாலை என்றால் கோயிலுக்கு அடுத்தது என்று பேசிய சமூகத்தில், ஒரு பிள்ளை வாங்கில் ஏறியதற்காகப் பாடசாலை எரிந்தது. இதை நம் பாடநூல்கள் இன்னும் சரியாகச் சொல்லவில்லை. மறுபக்கத்தில், 1924இல் மாணவர் காங்கிரசாகத் தோன்றி வாலிபர் காங்கிரசாக வளர்ந்த இளைஞர் இயக்கம் சம ஆசனத்துக்காகவும் சம போசனத்துக்காகவும் நின்றது. அதன் முன்னணியில் நின்ற ஹண்டி பேரின்பநாயகம் கிறிஸ்தவப் பின்னணியில் வந்து, யாழ்ப்பாணக் கல்லூரியில் படித்து, பிற்காலத்தில் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்தவர். இந்துக் கல்லூரி ஒன்று அவரை அதிபராக ஏற்றதை அந்தக் காலத்தின் சிறந்த பக்கங்களில் ஒன்றாக நான் மதிக்கிறேன்.

அந்தப் பிள்ளையை வாங்கில் ஏற்றியது எது? சைவசித்தாந்தத்தில் அதற்கு இடம் தாராளமாக உண்டு, நற்செய்தியிலும் உண்டு. ஆனால் இரண்டும் நூறாண்டு பாடசாலை நடத்தியும் பெரும்பாலான இடங்களில் அது தானாக நடக்கவில்லை. பிள்ளைகளின் பெற்றோர் தாமே போராடினார்கள். அரசியலமைப்புச் சீர்திருத்தத்தை ஆராய வந்த டொனமூர் ஆணைக்குழுவின் முன் போய் முறையிட்டார்கள். அவர்களுடைய குரலுக்குப் பலம் தந்தது நன்கொடை என்ற கயிறு. உதவிப் பணம் வாங்கும் முகாமையாளரிடம் அரசு கணக்குக் கேட்கலாம் என்ற ஒரே காரணத்தால் சம ஆசனம் சட்டத்தின் கைக்குள் வந்தது. உதவி பெறாத பாடசாலையாக இருந்திருந்தால் வித்தியா பகுதிக்கு அதன் படலையைத் தட்டவே உரிமை இருந்திராது. ஆகவே, சமயப் பாடசாலைக்குப் பொதுப்பணம் தரவே கூடாது என்று சொல்பவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. பணத்தோடு நிபந்தனையும் போகிறது. எளிய பிள்ளைக்குப் பயன்பட்டது அந்த நிபந்தனையே.

நிபந்தனையின் எல்லை என்ன என்பதே அடுத்த சிக்கல். 1939ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டம், அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் தலைமையில் 1943இல் வந்த விசேட குழு அறிக்கை, 1945 ஒக்டோபர் 1 முதல் இலவசக் கல்வி. கட்டணம் அறவிடாமல் அரச உதவியில் நடப்பதா, உதவியை விட்டுத் தனித்து நிற்பதா என்ற தெரிவு பெரிய கல்லூரிகளின் முன் வந்தது. சபைகளும் முகாமையாளர்களும் கடுமையாக எதிர்த்தார்கள். அவர்களுடைய அச்சம் வெறும் சுயநலம் என்று நான் சொல்லமாட்டேன். கட்டணமும் சுயாட்சியும் ஒன்றாகவே போகும் என்று அவர்கள் கணித்தது சரியாகவே இருந்தது. ஆயினும் இலவசக் கல்வி இல்லாதிருந்தால் இந்த மண்டபத்தில் இருக்கும் நம்மில் பலர் இங்கே இருந்திருக்க மாட்டோம். என் தகப்பனார் தோட்டம் செய்தவர். எனக்கு இதில் நடுநிலை இல்லை.

இந்த இலவசக் கல்வியின் கதையில் மலையகத் தோட்டப் பாடசாலைகளை எல்லோரும் மறக்கிறோம். கன்னங்கராவின் சீர்திருத்தமும் சரி, 1960இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு கையேற்றதும் சரி, லயன் வீடுகளின் பிள்ளைகளைத் தொடவில்லை. தோட்டங்கள் தேசியமயமான பின், 1970களின் பிற்பகுதியில்தான் அவை படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. இன்று பிற்பகல் அமர்வு ஒன்று இதற்கே ஒதுக்கப்பட்டிருப்பது மகிழ்ச்சி தருகிறது.

1960க்கு வருகிறேன். 1956இல் பௌத்த விசாரணைக் குழுவின் அறிக்கை, உதவி பெறும் பாடசாலைகளை அரசு கையேற்க வேண்டும் என்று வற்புறுத்தியிருந்தது. நான்கு ஆண்டுகளின் பின் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசில் கல்வி அமைச்சராக இருந்தவர் பதியுதீன் மஹ்மூத், கம்பளை ஸாஹிராவின் அதிபராக இருந்தவர். 1960இன் 5ஆம் இலக்கச் சட்டம் முகாமையை அரசுக்கு மாற்றியது. 1961இன் 8ஆம் இலக்கச் சட்டம் காணியையும் கட்டடத்தையும் மாற்றியது. ஏறத்தாழ 2,500 பாடசாலைகள் கைமாறின. இடைநிலை வகுப்புகள் கொண்ட பெரிய பாடசாலைகள் மட்டும் தனியாராக நிற்கலாம். ஆனால் கட்டணம் அறவிடக் கூடாது, அரச உதவியும் கிடையாது. ஏறத்தாழ நாற்பது பாடசாலைகள் அந்தக் கடினமான வழியைத் தேர்ந்தன. இங்கே வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி, உடுவில், பரி. யோவான், பத்திரிசியார் போன்றவை அதில் அடக்கம். மத்திய கல்லூரியும் இந்துக் கல்லூரியும் அரச பாடசாலைகளாயின. மேற்குக் கரையோரத்தில் கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள் புகுந்து இரவுபகலாக அங்கேயே இருந்தார்கள். பம்பாயிலிருந்து கர்தினால் கிராசியஸ் வந்து பேசிய பின்பே அது தணிந்தது.

இந்தக் கையேற்பை எப்படி மதிப்பிடுவது? முகாமையாளர் முறையில் ஆசிரியர் பட்ட பாட்டை அறிந்தவர்கள் அந்த முறை திரும்ப வேண்டும் என்று விரும்பமாட்டார்கள். நியமனம் முகாமையாளரின் தயவு, இடமாற்றம் அவருடைய கோபம். வேலைக்காகச் சமயம் மாறியவர்களும், மாறியதாகக் காட்டிக்கொண்டவர்களும் நம் கிராமங்களில் இருந்தார்கள். அரச ஆசிரியர் சேவை அந்த அவமானத்திலிருந்து ஒரு தலைமுறையை மீட்டது. இன்னொரு பக்கம், பிடியரிசி சேர்த்துக் கட்டிய பாடசாலை ஒரு நாள் காலையில் கொழும்பிலுள்ள ஒரு திணைக்களத்தின் உடைமையாயிற்று. கூரை ஒழுகினால் ஊரார் ஏறி வேய்ந்த வழக்கம் போய், மதிப்பீட்டுக் கடிதம் எழுதிக் காத்திருக்கும் வழக்கம் வந்தது. இவை இரண்டையும்விடப் பெரிய விடயம் ஒன்று உண்டு. சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய 1956இன் மொழிச் சட்டத்துக்குப் பின்னே வந்த அரசு அது. சமயங்களுக்கிடையே நடுவில் நிற்கும் அரசுக்குப் பாடசாலையைக் கொடுப்பது ஒன்று. பெரும்பான்மையின் பக்கம் சாய்ந்துவரும் அரசுக்குக் கொடுப்பது வேறு. 1972இலும் 1978இலும் வந்த அரசியலமைப்புகள் பௌத்தத்துக்கு முதன்மை இடம் தந்தன. கையேற்பின் நோக்கம் நியாயமானது. அதை ஏற்ற கை நியாயமாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் எதுவும் எழுதப்படவில்லை.

இதே ஆண்டுகளில் அக்கரையில் கேரளத்திலும் இதே புயல் அடித்தது. நம்பூதிரிபாட் அரசின் கல்வி மசோதா சபைகளின் பாடசாலைகளை இறுக்க முயன்றது. 1958இல் இந்திய உச்ச நீதிமன்றம், உதவி தருவதற்காகச் சிறுபான்மையினரின் உரிமையைக் கைவிடச் சொல்ல முடியாது, நியாயமான ஒழுங்குவிதிகளை விதிக்கலாம் என்று வரையறுத்தது. அந்த வரையறைக்கு அடிப்படை அரசியலமைப்பின் 30ஆம் உறுப்புரை. 28ஆம் உறுப்புரை மறுகரையைக் காக்கிறது: முழுக்க அரச பணத்தில் நடக்கும் நிறுவனத்தில் சமயபோதனை கூடாது, உதவி பெறும் பாடசாலையில் சம்மதமின்றிப் பிள்ளையைச் சமயபோதனையில் அமர்த்தக் கூடாது. நிறுவனத்துக்கு ஓர் உரிமை, பிள்ளைக்கு ஓர் உரிமை. இங்கிலாந்து 1944இலும், ஒல்லாந்து 1917இலும் தத்தம் வழியில் சமயப் பாடசாலைகளை அரச நிதிக்குள் ஏற்றன. நம் சட்டங்களில் நிறுவனத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக உண்டு. பிள்ளையைப் பற்றி மிகக் குறைவு.

நாம் போன வழி இந்தியாவுக்கு நேர் எதிரானது. அங்கே முழு அரச பாடசாலையில் சமயபோதனை இல்லை. இங்கே எல்லா அரச பாடசாலையிலும் பதினோராம் தரம் வரை சமயம் கட்டாய பாடம். சைவநெறி, பௌத்தம், இஸ்லாம், கத்தோலிக்கம், கிறிஸ்தவம் என்று பாடநூல்களை அரசே அச்சிட்டுக் கொடுக்கிறது. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு விடுமுறையோடு கூடிய தனித் தவணை அட்டவணை உண்டு. பௌத்த பிக்குமார் கற்கும் பிரிவெனாக்கள் 1979இன் 64ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அரச நிதியில் நடக்கின்றன. 1960இல் தனித்து நின்ற பாடசாலைகள் பலவற்றின் ஆசிரியர் சம்பளத்தையும் பின்னாளில் அரசு ஏற்றது. சமயப் பாடசாலையை ஒழித்ததாகச் சொல்லப்பட்ட நாட்டில், சமயம் எல்லாப் பாடசாலைக்குள்ளும் போயிற்று என்பதே நடந்தது. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. தேவாரம் படித்தே நான் தமிழ் கற்றேன். ஆனால் இந்த ஏற்பாட்டில் மற்றப் பிள்ளை எங்கே இருக்கிறது?

வவுனியாவிலோ புத்தளத்திலோ மாத்தளையிலோ, முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இரண்டு பிள்ளைகள் வேறு சமயம். அந்தச் சமயத்துக்கு ஆசிரியர் இல்லை. அந்தப் பாடவேளையில் அவர்கள் நூலகத்தில் இருப்பார்கள், அல்லது பின்வாங்கில் இருந்து மற்றவர்களின் சமயத்தைக் கேட்பார்கள். பரீட்சைக்கும் அதையே எழுதிவிடும் பிள்ளைகளும் உண்டு, புள்ளி வேண்டுமே. நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக முன்பு முதல் மணித்தியாலத்தில் வெளியே நின்ற பிள்ளையின் நிலைமையிலிருந்து இது எவ்வளவு தூரம்?

ஆசிரியருக்கும் இது பொருந்தும். 2018இல் திருகோணமலை ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வந்தது தொடர்பாக எழுந்த பிணக்கு நீதிமன்றம் வரை போனது. சைவப் பெண்மணி ஒருவரின் கொடையில் எழுந்து, தலைமுறைகளாக ஒரு பண்பாட்டைக் காத்துவந்த கல்லூரி அது. அந்த உணர்வை நான் மதிக்கிறேன். ஆனால் அங்கே சம்பளம் தருவது அரசு. பொதுப்பணத்தில் நியமனம் பெற்ற ஆசிரியை, இன்னொரு சமயத்தின் நெடிய மரபுள்ள பாடசாலைக்குள் தன் சமயத்தோடு வரலாமா? வரலாம் என்பதே என் விடை. யாழ்ப்பாணத்துச் சைவ ஆசிரியர் ஒருவர் திருநீற்றோடு கிழக்கின் முஸ்லிம் பாடசாலைக்குப் போனால் நாம் என்ன எதிர்பார்ப்போமோ, அதையே அவருக்கும் தரவேண்டும். பாடசாலையின் மரபு அதன் காலை வழிபாட்டிலும் விழாக்களிலும் பெயரிலும் வாழலாம். அடுத்தவர் உடலின் மீது அதற்கு ஆணை இல்லை. இந்த அவையில் சிலர் இதை ஏற்கமாட்டீர்கள் என்று அறிவேன். மறுப்பவர்கள் இன்று பேசவேண்டும், அதற்காகத்தான் கூடியிருக்கிறோம்.

கையேற்கப்பட்ட பாடசாலைகளில் முதலாம் தர அனுமதியின்போது, கையேற்ற காலத்தில் இருந்த சமய விகிதாசாரத்தைக் கவனத்திற் கொள்ளவேண்டும் என்று இன்றும் சுற்றுநிருபம் சொல்கிறது. கத்தோலிக்கப் பெற்றோருக்கு அன்று தந்த வாக்கின் எச்சம் இது என்று நான் கருதுகிறேன். சிறுபான்மைச் சமயத்தார் தம் பாடசாலையை முற்றாக இழந்துவிடாமல் இது காக்கிறது என்பது உண்மை. அதே விதி, 1960இல் அந்த ஊரில் யார் இருந்தார்களோ அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கே வாங்கை ஒதுக்குகிறது. போரும் இடப்பெயர்வும் ஊர்களையே மாற்றிவிட்ட பின் அந்த விகிதாசாரம் யாரைக் காக்கிறது, யாரை வெளியே நிறுத்துகிறது? எனக்குத் தெரிந்தவரை இதை ஊர் ஊராக எவரும் ஆராயவில்லை. ஓர் இளம் ஆய்வாளர் இதை எடுத்துக்கொண்டால் மூன்று ஆண்டு உழைப்புக்குப் போதுமான பொருள் இருக்கிறது.

ஆய்வு முறை பற்றிச் சில சொற்கள். நம் கல்வி வரலாறு இதுவரை நிறுவுநர் வரலாறாகவே எழுதப்பட்டது. நூற்றாண்டு மலர்களைத் திறந்தால் முதல் ஐம்பது பக்கம் படங்கள்: தாபகர், முகாமையாளர், அதிபர், கொடைவள்ளல். அவர்கள் அந்த மரியாதைக்கு உரியவர்கள். ஆனால் சேர்விடாப்பை யாரும் திறப்பதில்லை. ஒரு பிள்ளையின் பெயர், தகப்பனின் தொழில், சமயம், எந்த வகுப்பில் சேர்ந்தது, எந்த வகுப்பில் நின்றது என்பதெல்லாம் அதில் கிடக்கின்றன. சம்பவத் திரட்டில் அதிபர்மார் எழுதிய இரண்டு வரிகளில், எந்த நாள் எந்தப் பிள்ளைகள் வரவில்லை, ஏன் வரவில்லை என்பது சில வேளைகளில் இருக்கிறது. சம ஆசனக் காலத்தின் உண்மையான வரலாறு, சட்டசபை விவாதங்களைவிட, அந்த வரிகளில் இருக்கிறது. போரில் பல பாடசாலைகளின் ஆவணங்கள் எரிந்தன, நனைந்தன, பங்கருக்குள் போயின. எஞ்சியவை கறையான் வாய்க்கு முன் நிற்கின்றன. தேவாலய நிலவறைகளிலும், பழைய முகாமையாளர் வீட்டுப் பெட்டகங்களிலும், கோட்டக் கல்வி அலுவலகங்களின் மூலைகளிலும் இருப்பவற்றை எண்ணிமப் படமாக்குவதற்கு இந்தக் கருத்தரங்கின் முடிவில் ஒரு குழு அமைய வேண்டும் என்று முன்மொழிகிறேன். நூலக நிறுவனம் ஈழத்து நூல்களை எண்ணிமமாக்கிச் செய்த பணி நமக்கு முன்மாதிரியாக இருக்கிறது.

ஆவணம் இல்லாத இடத்தில் மனிதர் இருக்கிறார்கள். சம ஆசனப் பணிப்புக்குப் பின்னும், 1950களில்கூட, உதவி பெறும் பாடசாலைகளில் நிலத்தில் இருந்து படித்த முதியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். மனச்சாட்சி வாசகத்தைக் காட்டி வகுப்பிலிருந்து எழுந்து போனவர்களும், போக விரும்பியும் போகாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய வயது எண்பதைத் தாண்டுகிறது. அடுத்த கருத்தரங்கு வரை காத்திருக்க முடியாது.

இன்று வாசிக்கப்படும் கட்டுரைகளின் சுருக்கங்களைப் பார்த்தேன். பெரும்பாலானவை நிறுவனங்களைப் பற்றியவை. வாசிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: நீங்கள் ஆராய்ந்த பாடசாலையில் வேறு சமயத்துப் பிள்ளைகள் எத்தனை பேர், எங்கே இருத்தப்பட்டார்கள், எந்த வகுப்போடு நின்றார்கள் என்ற கேள்வி அவையிலிருந்து வரும். விடை கைவசம் இருந்தால் கட்டுரையில் இல்லாவிட்டாலும் சொல்லுங்கள். விடை இல்லையென்றால் எந்தப் பதிவேட்டில் தேடலாம் என்பதையாவது கூறுங்கள். ஒவ்வொருவருக்கும் இருபது நிமிடம், கலந்துரையாடலுக்குப் பத்து நிமிடம். முதல் அமர்வு உடுவில், வட்டுக்கோட்டைப் பாடசாலைகளின் தொடக்க காலம் பற்றியது. அமர்வுத் தலைவரை மேடைக்கு அழைத்துக் கருத்தரங்கைத் தொடக்கி வைக்கிறேன்.